தமிழ் நாக்கோடு நேபாளிப் பாட்டு பாடுவது எப்படி

நாராயண் கோபால் என்பது எனக்கு முதலில் ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். காட்மாண்டு ரிங் ரோட்டில், மகராஜ்கஞ்ச் பக்கம் அந்தப் பெயரில் ஒரு சௌக், அதாவது நாற்சந்தி, இருக்கிறது. மைக்ரோபஸ் பையன் கதவில் தொங்கிக்கொண்டே அதைக் கத்துவான். யாரோ சாமியார் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். அவரை நான் தீதி என்றுதான் கூப்பிடுவேன், அக்கா மாதிரி. பதில் சொல்லாமல் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டார். அப்புறம் இரண்டு வருடம் அந்தக் குரல் என்னை விடவில்லை. நாலைந்து பாட்டு தைரியமாகப் பாடும் அளவுக்குத் தேறியிருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரே பாடகரை வைத்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசு அந்தப் போன் பாட்டைப் பாடிய நாராயண் கோபால்தான். 1939இல் காட்மாண்டுவில் பிறந்து 1990இல் மறைந்தவர். ஊரில் இவருக்கு ஸ்வர சாம்ராட் என்று பட்டம். பாடியது இருநூறு பாட்டைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் அந்தப் பட்டத்தைப் பற்றி யாரும் சண்டை போட மாட்டார்கள். இவர் காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழைய குடிகளான நேவார் குடும்பத்துப் பிள்ளை. நேவார்களின் மொழியான நேபாள பாஷா, பெயர்தான் அப்படியே தவிர, நேபாளியோடு ஒட்டும் உறவும் இல்லாத வேறு குடும்பத்து மொழி. அவருடைய குடும்பத்துக்கும் பரம்பரை மொழி வேறு என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவர் நிதானமாக, கீழ்ச் சுருதியில், வார்த்தை வார்த்தையாகப் பாடுவார். பழகுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்து, பாட்டை எழுதி வையுங்கள். நான் தமிழில் எழுதி வைத்ததுதான் செய்த பெரிய தப்பு. நேபாளியில் படகும் டுங்கா, கல்லும் டுங்கா. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கல்லைச் சொல்லும்போது முதல் எழுத்தில் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு சேர்ந்து வரவேண்டும். பொக்ராவில் பேவா ஏரிக்கரையில் நான் ஆர்வக்கோளாறில் அந்த மூச்சைப் படகுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கல் வாடகைக்கு வேண்டும் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் சிரிக்காமல் ஏரிக்கரையைக் கைகாட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார்.

தேவநாகரி படிக்கத் தெரிந்தால் பிரச்சினையே இல்லை. தெரியாவிட்டால் தமிழிலேயே எழுதி, மூச்சு சேரும் எழுத்துக்கெல்லாம் சிவப்பில் அடிக்கோடு போடுங்கள். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துச் சொல்லிப் பாருங்கள், காற்று படவேண்டும். கர் என்று மூச்சில்லாமல் சொன்னால் ‘செய்’, மூச்சோடு சொன்னால் ‘வீடு’. எனக்கு இதற்கே ஒரு மாதம் ஆனது.

அர்த்தம் அவ்வளவு கஷ்டமில்லை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும், நம் வாக்கியம் மாதிரியேதான். ‘மா’ என்றால் ‘இல்’, மன்மா என்றால் மனதில். ஒரே ஒரு எச்சரிக்கை: மாயா என்றால் அங்கே அன்பு, காதல். நான் ரொம்ப நாள் எல்லாமே தத்துவப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளத்தில் ஜ்யாவுரே என்று ஒன்று இருக்கிறது. மாதல் என்ற சின்ன மத்தளத்தில் வாசிப்பது, ஆறு எண்ணிக்கை. ‘தகிட தகிட’ என்று தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், பிடிபட்டுவிடும். நாலாக எண்ணி ‘தகதிமி’ போட்டால் மூன்றாவது வரியில் விழுந்துவிடுவீர்கள். நாட்டுப்புறப் பாட்டில் மட்டுமல்ல, கிதார் வாசிக்கும் பாப் பாட்டிலும் அடியில் இது ஓடும்.

பாப் பக்கம் அப்புறம் போகலாம். 1990களின் நடுவில் எஃப்எம் வந்த பிறகுதான் அது வேகம் பிடித்தது. 1974 ஏடி என்ற குழு 1994இல் தொடங்கியது. பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அவர்களுடைய ‘பரேலிமா’ நல்ல தொடக்கம். பரேலி என்றால் இமை மயிர், ‘மா’ என்னவென்று மேலே சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: கர்நாடக சங்கீதத்தில் வரியை விதவிதமாக வளைத்துப் பாடுவோமே, அந்தச் சங்கதி போடுவது. நமக்குக் கை அரிப்பது போலத் தொண்டை அரிக்கும். நீட்டும் இடத்தில் சும்மா நீட்டுங்கள், போதும்.

கடைசியாக, யாருக்காவது பாடிக் காட்டுங்கள். நான் காட்டியது தீதிக்கு, லோட்ஷெடிங் நேரத்தில், மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு. பல்லவியும் முதல் சரணமும் முடிந்தது. ஒரே ஒரு வார்த்தையைத் திருத்தினார், மூச்சு எழுத்துதான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சரணத்துக்காகக் காத்திருந்தார். எனக்கு அது தெரியாது. அதனால் இரண்டாவது சரணத்தையும் முதலிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.