பிளஸ் டூ முடித்ததும் ஃபீஸ் கட்டாமல் டிகிரி: ராணுவ அதிகாரி பயிற்சிக்குள் போவது எப்படி

அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரப் பையனுக்கு ஆர்ஓடிசி (காலேஜிலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சி கொடுக்கும் அந்த ஊர்த் திட்டம்) மூலம் காலேஜ் ஃபீஸ் கிடைத்ததாமே, நமக்கு அப்படி ஒன்று கிடையாதா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்ஓடிசி ஸ்காலர்ஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான், அதை மறந்துவிடுங்கள். நம் நாட்டு ஏற்பாடே வேறு. தாம்பரம் பக்கம் நீங்கள் சேர்ந்த தனியார் காலேஜுக்கு ராணுவம் ஃபீஸ் கட்டாது. அதற்குப் பதில் தன் அகாடமிக்கே கூட்டிக்கொண்டு போய், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, டிகிரியும் வாங்க வைத்து, அதிகாரியாக வெளியே அனுப்பும்.

பிரதான வழி என்டிஏ, அதாவது முப்படைக்கும் பொதுவான தேசியப் பாதுகாப்பு அகாடமி. புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் 3 வருடம் படிப்பு, டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்தின் டிகிரி, அப்புறம் அந்தந்தப் படையின் அகாடமியில் பயிற்சி. தரைப்படை என்றால் டேராடூன், அங்கே போனதும் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறது, சென்னையிலேயே எழுதலாம். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பெண்களும் எழுதுகிறார்கள், அவர்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. தரைப்படைக்கு எந்த குரூப் படித்திருந்தாலும் சரி, கடற்படைக்கும் விமானப்படைக்கும் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வேண்டும். ஆனால் தேர்வில் கணக்குத் தாள் எல்லாருக்கும் உண்டு, காமர்ஸ் பசங்க இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எழுத்துத் தேர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மொத்தம் 900 மதிப்பெண்: கணக்கு 300, பொதுத்திறன் 600. சில வருடங்களாக 900-க்கு 300 சுற்றுவட்டத்தில் எடுத்தவர்களே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள், ஒவ்வொரு தாளிலும் குறைந்தபட்ச மதிப்பெண் மட்டும் தனியாக எடுத்திருக்க வேண்டும். தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், அதனால் தெரியாததை விட்டுவிடத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடப்புத்தகமும் யுபிஎஸ்சி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற பழைய கேள்வித்தாள்களும் போதும். எழுத்துத் தேர்வுக்கு மட்டும் கோச்சிங் சென்டருக்குப் பணம் கொட்டுவது வீண் என்பது என் கருத்து.

நம் பசங்க விழுவது அடுத்த கட்டமான எஸ்எஸ்பி-யில், அதாவது படைகளின் தேர்வு வாரியம் நேரில் வைத்துப் பார்க்கும் தேர்வில். இதற்கும் 900 மதிப்பெண், 5 நாள், பெங்களூரு, போபால் மாதிரி ஊர்களில் நடக்கும். முதல் நாளே ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள், 4 நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும், பிறகு குழுவாக உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து ஒரே கதைக்கு வர வேண்டும். டெல்லிப் பையன்கள் கடகடவென்று பேசுவதைப் பார்த்து நம்மாள் வாயே திறக்கமாட்டான், சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். இங்கிலீஷ் உச்சரிப்பை யாரும் அளக்கவில்லை. இரண்டு வாக்கியமானாலும் தெளிவாகச் சொல்லி, அடுத்தவன் பேசவும் வழிவிடுகிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். அதைத் தாண்டினால் 15 விநாடிக்கு ஒன்றாக 60 வார்த்தைகள் திரையில் வரும், ஒவ்வொன்றுக்கும் மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். நெட்டுரு போட்ட பதில் எழுதினால் உளவியலாளர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார். நேர்காணல் நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தை வைத்துத்தான் போகும். பொழுதுபோக்கு என்று வாசிப்பைப் போட்டால் கடைசியாக என்ன வாசித்தீர்கள் என்று தோண்டுவார்கள், சென்னை என்று போட்டால் ஊருக்குத் தண்ணீர் எந்தெந்த ஏரியிலிருந்து வருகிறது என்றுகூடக் கேட்கலாம். செம்பரம்பாக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்!

உடம்புக்கு மெரினா மணலில் காலை ஓட்டம் போதும். கண், நிறக்குருடு, தட்டைப்பாதம் இதையெல்லாம் முன்கூட்டியே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எப்படியும் ஜேஇஇ மெயின் எழுதப்போகிற பையன் என்றால் இன்னும் இரண்டு கதவு திறந்திருக்கிறது. தரைப்படையின் தொழில்நுட்ப அதிகாரிகளுக்கான டிஇஎஸ் நுழைவுக்கு மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியில் 60 சதவீதம் வேண்டும், ஆண்களுக்கு மட்டும், தனியாக எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்எஸ்பி, கடைசியில் இன்ஜினியரிங் டிகிரி. கடற்படையின் பி.டெக் நுழைவுக்கு 70 சதவீதம், படிப்பு கேரளாவில் எழிமலையில்.

இலவசம் என்பதில் ஒரு கொக்கி இருக்கிறது. என்டிஏ-வில் சேரும்போது பெற்றோர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், பிடிக்கவில்லை என்று சும்மா பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். கைச்செலவுக்கு வீட்டிலிருந்துதான் பணம் போக வேண்டும், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதற்கும் அரசு உதவி உண்டு. ஃபீஸ் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காகப் பையனையோ பெண்ணையோ தள்ளிவிடாதீர்கள்.

வயது தாண்டிவிட்டதா, ஏற்கெனவே காலேஜிலா? அப்போது ஃபீஸ் நீங்கள்தான் கட்ட வேண்டும், ஆனால் காலேஜில் இருக்கும் தேசிய மாணவர் படையான என்சிசி-யில் சேர்ந்து 'சி' சான்றிதழைக் குறைந்தது 'பி' கிரேடில் எடுத்து, டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் எஸ்எஸ்பி-க்குப் போகலாம். தேறினால் பயிற்சி நம்ம பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏ-விலேயே, அங்கேயும் மாதம் அதே 56,100. 'சி' தேர்வு மூன்றாம் வருடம்தான் வரும் என்பதால் பி.எஸ்சி., பி.காம். படிக்கிறவர்கள் முதல் வருடம் காலேஜ் திறந்த கையோடு என்சிசி அதிகாரியைப் போய்ப் பார்த்துப் பெயர் கொடுத்துவிடுங்கள், இரண்டாம் வருடம் சேர்ந்தால் டிகிரி முடிவதற்குள் 'சி' கைக்கு வராது.