டெக்சாஸில் பிள்ளைகளின் ஊரடங்கும் பள்ளி வருகையும்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

டெக்சாஸுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்ப் பெற்றோர் பலர், பதினாறு வயதுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு மேல் வெளியே இருந்தால் போலீஸ் பிடித்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். பள்ளி நடக்கும் மாதத்தில் குடும்பத்தோடு மூன்று வாரம் ஊருக்குப் போய்வர அவர்களே தயங்குவதில்லை. உண்மையில் இங்கே பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

ஊரடங்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2023 செப்டம்பர் 1 முதல், நகராட்சிகளும் கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சிறாருக்கென்று ஊரடங்கு விதிப்பதை மாநிலச் சட்டம் தடை செய்துள்ளது. பேரிடர்க்கால நெருக்கடி ஊரடங்கு மட்டுமே விலக்கு. ஹூஸ்டன், டாலஸ் போன்ற நகரங்களில் முன்பிருந்த விதிகளைச் சொல்லும் பழைய அறிவிப்புகள் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். ஆனால் வண்டி ஓட்டும் பிள்ளைக்கு வேறொரு கட்டுப்பாடு உண்டு: 18 வயது நிரம்பாதவர், உரிமம் பெற்ற முதல் 12 மாதங்களில், வேலை, பள்ளி நிகழ்ச்சி, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கன்றி நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை வண்டி ஓட்டக் கூடாது, குடும்பத்தாரல்லாத, 21 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மேல் ஏற்றிக்கொள்ளவும் கூடாது. சில வணிக வளாகங்கள் மாலைக்குப் பின் பெரியவர் துணையில்லாத சிறாரை உள்ளே விடுவதில்லை என்பது அந்தந்த இடத்தின் சொந்த விதி.

இனிப் பள்ளி வருகைக்கு வருவோம். 6 வயது முதல் 19 வயதுக்குள் இருப்பவர்கள் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். தக்க காரணமில்லாமல் நான்கு வாரத்துக்குள் மூன்று நாள், அல்லது மூன்று நாளின் ஏதேனும் ஒரு பகுதி, வராமல் போனாலே பள்ளி பெற்றோருக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆலோசனை, நடத்தைத் திட்டம் போன்ற தடுப்பு நடவடிக்கைகளைத் தொடங்க வேண்டும். ஒரே கல்வியாண்டில் ஆறு மாதத்துக்குள் இப்படிப் பத்து நாள் சேர்ந்துவிட்டால், 12 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளையின் விவரம் கோர்ட்டுக்குப் போகும். முழு நாள் மட்டம் போட்டால்தான் கணக்கு என்று நினைத்து, மதியத்துக்கு மேல் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடும் வழக்கம் இதனால்தான் ஆபத்தானது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மகளை எட்டுப் பள்ளி நாள் மதுரைக்கு அழைத்துப் போனோம். புறப்படுமுன் பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னேன். எடுத்தவர் வாழ்த்தி அனுப்பினார். திரும்பி வந்தபோது தபால் பெட்டியில் நோட்டீஸ் இருந்தது. எட்டு நாளுக்கும் நேராக 'அனுமதியற்ற விடுப்பு' என்று பதிவாகியிருந்தது. என்னிடமோ எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே பயணத்துக்கு டிக்கெட் எடுக்குமுன் பள்ளி முதல்வருக்கு எழுதுங்கள். வகுப்பாசிரியருக்கு மட்டும் சொல்லிவைப்பது போதாது. பிள்ளையின் பெயர், மாணவர் எண், புறப்படும் நாள், மறுபடி வகுப்புக்கு வரும் நாள், காரணம் ஆகியவற்றை எழுதி, "விடுபடும் பாடங்களை முடித்துத் தர உறுதியளிக்கிறோம்; இந்த விடுப்பை ஏற்க இயலுமா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று முடித்தால் போதும். ஆசிரியரோ முதல்வரோ ஏற்கும் எந்தக் காரணத்துக்கும் விடுப்பளிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதை அவர்கள் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. பயணம் நீண்டதானால், பிள்ளையின் சேர்க்கை அப்படியே இருக்குமா, திரும்பியதும் புதிதாகச் சேர்க்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பள்ளி கட்டாயமாக ஏற்க வேண்டிய காரணங்களும் சில உள்ளன. சமயப் புனித நாளைக் கடைப்பிடிப்பதும் அதற்கான பயண நாளும் அவற்றில் ஒன்று. தீபாவளிக்கு விடுப்பெடுக்கும்போது, "குடும்ப விழா" என்று பொதுவாக எழுதாமல், இன்ன சமயத்தின் இன்ன புனித நாள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்ப வேலைக்காக அரசு அலுவலகம் செல்வதும், குடியுரிமை உறுதிமொழி ஏற்பதும் இதில் அடங்கும். மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வகுப்புக்குத் திரும்பினால் அதுவும் ஏற்கப்படும்; ஆட்டிசம் சிகிச்சை அமர்வுகளும் அப்படியே. மருத்துவமனையில் தரும் சீட்டைக் காரிலேயே விட்டுவிடாமல், பிள்ளையை இறக்கிவிடும்போதே வருகைப்பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு கணக்கையும் மறக்கக் கூடாது. ஒரு வகுப்பு நடக்கும் நாள்களில் 90 விழுக்காட்டுக்காவது வராத மாணவருக்கு அந்தப் பாடத்தின் இறுதி மதிப்பெண் கிடைப்பதில் சிக்கல் வரும். 170 நாள் வகுப்பென்றால் 17 நாள்தான் எல்லை. 75 விழுக்காட்டுக்குக் குறையாதவர், முதல்வர் ஏற்கும் திட்டப்படி விடுபட்டதை முடித்துக் காட்டலாம். முதல்வர் அனுமதித்த ஊர்ப் பயணமும் இந்தக் கணக்கில் பிள்ளையை 'வந்தவர்' ஆக்கிவிடாது. 18 வயதுக்குட்பட்டவர் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் பள்ளியிடமிருந்து வருகைச் சான்று வாங்க வேண்டும்.

கோர்ட் சம்மன் வந்துவிட்டால் பதற வேண்டாம், ஒதுக்கியும் வைக்க வேண்டாம். 2015 வரை குற்றவியல் வழக்காக இருந்த இது, இப்போது சிவில் வழக்குதான். விசாரணைக்குப் பெற்றோரும் போக வேண்டும். பள்ளியோடு நடந்த கடிதங்கள், மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். விடுப்பு ஏற்கத்தக்கது என்று அங்கே நிரூபிக்கவும் இடமுண்டு. ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே மனு கொடுங்கள். பிள்ளை வராததற்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்றால் அவர்கள்மீது தனி வழக்கு வரலாம். அபராதம் முதல் முறை 100 டாலர் வரை, போகப்போக 500 டாலர் வரை உயரும். பிள்ளைமீது தீர்ப்பாகியிருந்தால், கோர்ட் இட்டதையெல்லாம் முடித்தபின், 18 வயது நிறைந்ததும் அந்தப் பதிவை முத்திரையிட்டு மூடும்படி அதே கோர்ட்டில் விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதியை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.