ஏசி கேஜ்ல சக்‌ஷன், டிஸ்சார்ஜ் ப்ரஷர் படிக்கிறது எப்படி? பைப் சூட்டையும் சேத்துப் பாருங்க

ப்ரஷர் கம்மின்னா கேஸ் கம்மின்னு தான் மொத ரெண்டு வருஷம் நானும் நம்பிட்டு இருந்தேன். ஒரு வீட்ல ஒன்றரை டன் ஸ்ப்ளிட், உள்ள இருக்குறது ஆர்22 கேஸ், சக்‌ஷன் (கம்ப்ரஸருக்குள்ள கேஸ் போற பக்கத்து ப்ரஷர்) 48 பிஎஸ்ஐ தான் காட்டுச்சு, கேஸ் ஏத்தி 65 கொண்டுவந்து விட்டுட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் அந்த வீட்டம்மா அவங்களே ஃபில்டரைக் கழட்டி கழுவிப் போட்டிருக்காங்க, உடனே போன், "தம்பி, வெளில இருக்குற மிஷின் ஒரு மாதிரி உறுமுது"ன்னு. போய்ப் பாத்தா சக்‌ஷன் 85க்கு மேல, நேம் பிளேட்ல கரண்ட் 7.8 ஆம்ஸ்னு போட்டிருக்கு, ஓடுறது 9.5. கேஸ் மொதல்லயே குறையல, அழுக்கு ஃபில்டர் தான் ப்ரஷரை இறக்கி வச்சிருந்துது. அன்னிக்கு கம்ப்ரஸர் போயிருந்தா முழுக்க என் தப்பு தான். புதுசா கத்துக்குறவங்க யாரும் இத செய்யக்கூடாதுன்னு தான் எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல பதியணும். கேஜ்ல நீங்க பாக்குறது கேஸோட அளவு இல்ல. லிக்விடும் ஆவியும் சேந்து இருக்குற எடத்துல இவ்ளோ டெம்பரேச்சர்னா இவ்ளோ ப்ரஷர், அந்தக் கணக்கு மாறாது. கூலிங் காயில் உள்ள 5 டிகிரின்னா ஆர்22க்கு சுமார் 70 பிஎஸ்ஐ, ஆர்410ஏக்கு 121, ஆர்32க்கு 123. அதனால தான் ஏசியை ஆஃப் பண்ணி வச்சுட்டு கேஜ் போட்டு "170 இருக்கு, கேஸ் ஃபுல்லு"ன்னு சொல்றது தப்பு, வெளில 32 டிகிரி வெயில்னா ஆர்22 கிட்டத்தட்ட அதைத் தான் காட்டும், உள்ள கொஞ்சம் லிக்விட் மிச்சம் இருந்தாலே போதும்.

1. ஃபில்டர், இன்டோர் காயில், அவுட்டோர் காயில் மூணையும் கழுவுங்க. இத முடிக்காம கேஜை எடுக்கவே எடுக்காதீங்க.

2. 18 டிகிரி வச்சு ஃபேன் ஹைல போட்டு 15 நிமிஷம் ஓட விடுங்க.

3. கேஜ் செட்டோட (மேனிஃபோல்ட்) நீல ஹோஸை தடிச்ச பைப் பக்கம் இருக்குற சர்வீஸ் போர்ட்ல மாட்டுங்க. படிக்கிறதுக்கு நீல நாப்பைத் திறக்க வேண்டியதில்ல, மூடியிருந்தாலே முள் காட்டும். ஆர்32 மிஷின்ல போர்ட் பெரும்பாலும் 5/16 இஞ்ச், பழைய கால் இஞ்ச் ஹோஸ் ஏறாது, அடாப்டர் வேணும். ஆர்22க்குன்னு வாங்குன பழைய ஹோஸ், மேனிஃபோல்டை ஆர்32க்கு போடாதீங்க, ப்ரஷர் தாங்காது. கண்ணாடி, கிளவுஸ் கட்டாயம். ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், பக்கத்துல யாரும் சிகரெட் பத்த வைக்காம பாத்துக்கோங்க.

4. நான் விழுந்த எடம் இது தான், கொஞ்சம் நிதானமா படிங்க. அதே தடிச்ச பைப்ல, வால்வ் பக்கத்துல, கிளாம்ப் தெர்மாமீட்டர் மாட்டி மேல கொஞ்சம் இன்சுலேஷன் சுத்தி டெம்பரேச்சர் எடுங்க (லேசர் கன் வேணாம், பளபளன்னு இருக்குற காப்பர்ல அது சரியா காட்டாது). உதாரணத்துக்கு ஆர்22, கேஜ் 65, அதுக்கு காயில் 3 டிகிரி. பைப் 10 டிகிரி. வித்தியாசம் 7. இதுக்குப் பேரு தான் சூப்பர்ஹீட். கேபிலரி (லிக்விடோட ப்ரஷரை இறக்குற மெல்லிசுக் குழாய்) இருக்குற மிஷின்ல வெளி வெயிலைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனா 5லேந்து 10க்குள்ள இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல.

இப்ப என்னோட 48க்கு வாங்க. ஆர்22 48னா காயில் மைனஸ் 4 டிகிரி. கேஸ் நெஜமாவே கம்மின்னா இருக்குற லிக்விட் பாதி காயில்லயே ஆவியாகி தீந்துடும், மிச்ச காயில்ல வெறும் ஆவி தான் சூடாகிட்டே வரும், அப்ப பைப் 15 டிகிரி வரைக்கும் போகும், வித்தியாசம் 19. ஃபில்டர் அடைச்சிருந்தா ஆவியாக சூடே கிடைக்காது, லிக்விட் அப்படியே பைப் வரைக்கும் வரும், பைப் மைனஸ் 2, வித்தியாசம் வெறும் 2, சில சமயம் கம்ப்ரஸர் தலை வரைக்கும் ஐஸ் கட்டியிருக்கும். கேஜ்ல ரெண்டும் ஒரே 48 தான், பைப்பைத் தொட்டுப் பாத்தாத் தான் வேற வேற நோய்னு தெரியும். அன்னிக்கு அந்த பைப்ல ஐஸ் இருந்துச்சு, நான் கவனிக்கல.

டெம்பரேச்சரா மாத்துறதுக்கு டான்ஃபாஸ் ரெஃப் டூல்ஸ் ஆப் போதும். பழைய கேஜ்ல உள் வட்டத்துல ஆர்32 இருக்காது, அந்த வட்டத்தை வச்சு கணக்கு போடாதீங்க.

5. டிஸ்சார்ஜ், அதாவது கம்ப்ரஸர்லேந்து கேஸ் வெளில வர்ற பக்கத்து ப்ரஷர். நிறைய பேர் சிவப்பு ஹோஸை எங்க மாட்டுறதுன்னு கேட்டாங்க. நம்ம ஊர் ஸ்ப்ளிட்ல பெரும்பாலும் கேபிலரி அவுட்டோர் உள்ளயே இருக்கு, அதனால வெளில வர்ற மெல்லிசு பைப்பும் லோ ப்ரஷர் தான், அதுல டிஸ்சார்ஜ் கிடைக்காது. கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்ஸ் பாருங்க, டிஸ்சார்ஜ் ஏறுனா ஆம்ஸும் ஏறும். ரெண்டு போர்ட்டும் இருக்குற பெரிய மிஷின்ல வெளில 35 டிகிரின்னா ஆர்22 சுமார் 250லேந்து 270, ஆர்32 420லேந்து 440. ரெண்டு பக்கமும் கம்மின்னா கேஸ் லீக்கைத் தேடுங்க, ரெண்டும் ஜாஸ்தின்னா அவுட்டோர் அழுக்கு இல்லன்னா கேஸ் ஓவர். சக்‌ஷன் ஏறி டிஸ்சார்ஜ் எறங்கி கூலிங்கும் இல்லன்னா கம்ப்ரஸர் வால்வ் மேல சந்தேகப்படுங்க.

அப்டேட்: இன்வெர்ட்டர்ல முள் நிக்க மாட்டேங்குதுன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. கம்ப்ரஸர் வேகம் மாறிட்டே இருக்கும், அதனால நிக்காது, டெஸ்ட் மோட்ல போட்டு பாருங்க. கேபிலரிக்குப் பதிலா எக்ஸ்பான்ஷன் வால்வ் இருக்குற மாடல்ல சூப்பர்ஹீட்டை அதுவே சரி பண்ணிக்கும், கேஸ் கொஞ்சம் குறைஞ்சாலும் மறைச்சிடும். அங்க என் முடிவு ஒண்ணு தான், கேஸை முழுசா ரெக்கவர் பண்ணி (தனி சிலிண்டர்ல பிடிச்சு), லீக்கை அடைச்சு, வேக்கம் போட்டு (பம்ப் வச்சு உள்ள இருக்குற காத்தை உறிஞ்சி), நேம் பிளேட்ல உள்ள கிராம் கணக்குக்கு தராசு வச்சு ஏத்துங்க. புதுசா டூல்ஸ் வாங்குறவங்க விலை கூடுன கேஜுக்கு முன்னாடி டிஜிட்டல் தராசு வாங்குங்க.

இன்னொரு அப்டேட்: இதே மாதிரி கெணத்து மோட்டாரையும் பாக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பாக்கலாம், ஆனா அங்க சக்‌ஷன் சைபருக்குக் கீழ போகும், வேக்கம் காட்டுற கேஜ் வேணும். தண்ணிய மோட்டார் தூக்கல, காத்தழுத்தம் தான் தள்ளுது, கணக்குப்படி 10.3 மீட்டர் ஆழத்துலேந்து ஏறும், நடைமுறைல 7 மீட்டருக்கு மேல நம்பாதீங்க. டிஸ்சார்ஜ் பக்கம் 10 மீட்டர் உயரத்துக்கு சுமார் 1 கிலோ (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) ப்ரஷர். ஏசி ஆளுங்க ஒரு எடத்துல குழம்புவாங்க: டெலிவரி வால்வை மூடுனா டிஸ்சார்ஜ் முள் ஏறும், ஆனா சாதாரண மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்குற) பம்ப்ல ஆம்ஸ் எறங்கும், ஏன்னா தண்ணி ஓடல, வேலையும் இல்ல. ஆம்ஸ் கம்மியா இருக்குன்னு அப்படியே ஓட விட்டுடாதீங்க, உள்ள நிக்கிற தண்ணி சூடாகி சீல் போயிடும்.