அகழாய்வுக் குழிக்குள் வேலை தேடுபவர்களுக்கு

வரலாறு, தமிழ், நிலவியல் படித்தவர்கள் பலரும் முதுகலையில்தான் தொல்லியலுக்கு வருகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி ஆகியவற்றில் படிக்கலாம். அதன்பின் முதுநிலைப் பட்டயம்: மத்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் 2 ஆண்டுப் படிப்பாக நடத்துகிறது. 2020 அறிவிப்பில் விடுபட்ட தமிழ், எதிர்ப்புக்குப் பிறகு தகுதிப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே தமிழ் முதுகலையினரும் விண்ணப்பிக்கலாம். மாநிலத் தொல்லியல் துறையின் பட்டயமும் உண்டு. தமிழி, வட்டெழுத்து ஆகிய பழைய தமிழ் எழுத்துகளை வாசிப்பதையும், கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படியையும் இப்போதே பழகுங்கள். கீழடி போன்ற இடங்களில் எழுத்துப் பொறித்த பானை ஓடு வந்தால் உடனே அடையாளம் காண அது உதவும்.

வேலையின் உயிர் மண்ணடுக்கை வாசிப்பதில் இருக்கிறது. 10 மீட்டர் சதுரத்தை நான்கு கால்குழிகளாகப் பிரித்து, நடுவே தோண்டாத மண்திட்டை விடுவார்கள். அதன் பக்கச்சுவரில்தான் அடுக்குகள் தெரியும். சுவர் காய்ந்துவிட்டால் நிறம் ஒன்றாகிவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பிற்காலத்தில் வெட்டிய குப்பைக்குழியையோ எலிவளையையோ கவனிக்காமல் தோண்டினால், மேலே இருந்த பொருள் சங்ககால அடுக்கின் கணக்கில் ஏறிவிடும். தோண்டிய அடுக்கைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இந்தப் பிழைக்கு மருந்தே இல்லை. மண் திடீரென்று தளர்ந்தாலோ நிறம் மாறினாலோ கைவேலையை நிறுத்தி, அந்த விளிம்பைக் கரணையால் சுரண்டித் தேடுங்கள்.

ஆழத்தை எப்போதும் நிலையான ஒரே மட்டப்புள்ளியிலிருந்து அளவிடுங்கள். பொருளை எடுக்குமுன் அளவுகோலும் வடதிசை அம்பும் வைத்துப் படமெடுங்கள். பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சீட்டு வேண்டும். ஈரத்தில் ஒன்று அழிந்தாலும் குழி எண், அடுக்கு, ஆழம், தேதி மிஞ்சும். கரிமக் காலக்கணிப்புக்கான கரித்துண்டை வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள். நடுவே வேர் ஓடியிருந்தால் அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பானை ஓடுகளை முரட்டு பிரஷால் தேய்த்தால் கீறல் எழுத்து போய்விடும்.

தமிழ்நாட்டில் அதிகாரி பணிக்கு டி.என்.பி.எஸ்.சி., மத்தியத் துறையின் உயர்பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். அதுவரை பெரும்பாலும் பருவகால ஒப்பந்த வேலைதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் குழிகளை மூடியதும் ஓடு வரைதல், அறிக்கை எழுதுதல் எனும் பணிகளைக் கேட்டு வாங்குங்கள்.