கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஸ்கிரிப்ட் ஒழுங்காக நிற்க: பாஷ் ட்ராப்

டேட்டாபேஸை ஒரு தற்காலிக ஃபோல்டரில் இறக்கி, டார் மூலம் சுருக்கி, பேக்கப் டிஸ்கில் எழுதும் பாஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். பாதியில் நிறுத்தினால் ஃபோல்டர் அப்படியே கிடக்கும். அதைத் துடைக்கத்தான் ட்ராப்: சிக்னல் வந்தாலோ ஸ்கிரிப்ட் முடிந்தாலோ எதை ஓட்டுவது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டளை.

ஃபோல்டரை, தற்காலிகப் பெயர் கொடுத்து உருவாக்கும் எம்கேடெம்ப் கட்டளை கொண்டு உருவாக்கி, பெயரை ஒரு மாறியில் வையுங்கள். அடுத்த வரியே ட்ராப்: ஒற்றை மேற்கோளுக்குள் அழிக்கும் கட்டளை, அதன்பின் சிக்னலின் பெயர். இரட்டை மேற்கோள் போட்டால் அந்த வரி ஓடும்போதே மாறியின் மதிப்பு உள்ளே பதிந்துவிடும். ஸ்கிரிப்டில் பிழை தேடும் கருவியான ஷெல்செக் இதைப் பிடித்துச் சொல்லும். அதில் போட்டுப் பார்க்காமல் எந்த ஸ்கிரிப்டையும் நான் ஓட்டுவதில்லை.

நான் மாட்டிக்கொண்ட இடம் இனிமேல்தான். எக்ஸிட் (ஸ்கிரிப்ட் முடியும்போது), இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னல்), டெர்ம் (நிற்கச் சொல்லும் சிக்னல்) மூன்றுக்கும் சேர்த்து ஒரே ட்ராப் வைத்திருந்தேன். டேட்டாபேஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினேன். ஃபோல்டர் அழிந்தது. ஆனால் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டது. இல்லாத ஃபோல்டரைச் சுருக்கப் போன டார், பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு, முந்தைய நாள் பேக்கப்பின் மேலேயே காலி ஆர்க்கைவை எழுதிவிட்டது.

இன்ட் சிக்னல் வந்தால் நின்றுவிடுவதுதான் ஸ்கிரிப்டின் இயல்பு. அதற்கு ட்ராப் வைத்ததும் அந்த இயல்பு போய், நாம் எழுதியது மட்டுமே நடக்கும். அதில் ‘எக்ஸிட்’ இல்லாவிட்டால் வேலை தொடரும். ஆகவே அழிக்கும் கட்டளையை எக்ஸிட் ட்ராப்பில் மட்டும் வையுங்கள். சிக்னலால் நின்றாலும் பாஷ் அதை ஓட்டிவிடும்.

பிற்சேர்க்கை: அப்படிச் செய்தும் ஃபோல்டர் மிஞ்சுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய முதல் வரியில் பாஷுக்குப் பதில் எஸ்ஹெச் இருந்தது. உபுண்டுவில் 6.10 பதிப்பிலிருந்து அது டேஷ் என்ற வேறொரு ஷெல். சிக்னல் வந்து செத்தால் டேஷ் எக்ஸிட் ட்ராப்பை ஓட்டாது. அங்கே இன்ட்டுக்கு ‘எக்ஸிட் 130’, டெர்ம்முக்கு ‘எக்ஸிட் 143’ என்று தனித்தனி ட்ராப் சேருங்கள். 128-உடன் சிக்னல் எண்ணான 2, 15 சேர்ந்து வருபவை இவை. பாஷிலும் இப்படியே எழுதலாம். நான் இப்போது எல்லா ஸ்கிரிப்டிலும் அப்படித்தான் எழுதுகிறேன்.

டாக்கரில் (ப்ரோக்ராம்களைத் தனித்தனி கன்டெய்னருக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. முன்னால் ஓடும் கட்டளை முடியும்வரை பாஷ் டெர்ம் ட்ராப்பைத் தொடாது. டாக்கர் ஸ்டாப் கட்டளை டெர்ம் அனுப்பி, 10 நொடி பார்த்துவிட்டு கில் சிக்னலை அனுப்பும், அதை எந்த ட்ராப்பாலும் பிடிக்க முடியாது. நீண்ட கட்டளையின் கடைசியில் ‘&’ போட்டுப் பின்னணிக்கு அனுப்பி, அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட் கட்டளையை அடுத்த வரியில் வையுங்கள். சிக்னல் வந்ததும் வெயிட் உடனே விடும். பின்னணியில் ஓடுவதோ தானாக நிற்காது, அதை நிறுத்தும் வரியையும் எக்ஸிட் ட்ராப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.