வாடகை வீட்டுக்குப் போகிறீர்களா? முற்பணம் கொடுக்க முன்பு

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வாடகைக்கு வீடு எடுப்பவர்களில் பலர் வாய்ப்பேச்சை நம்பித்தான் முற்பணம் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை (வீட்டு வாடகை ஒப்பந்தமும் இதில் அடங்கும்) நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, "ஒரு வருசத்துக்கு" என்று எழுதினால் மட்டும் போதாது. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு வீண்செலவு இல்லை. முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார், எதற்காகக் கழிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

வன்னியில் பேர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள், நிறைய. வீட்டுக்காரரிடம் காணி உறுதி இருக்கிறதா, பேர்மிட்டா என்று கேளுங்கள். பேர்மிட் என்றால், வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் விசாரிப்பது நல்லது.

சாமான் இறக்க முன்பே சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு, மின் மீற்றர் வாசிப்பு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திகதியோடு பதிவாகிவிடும். பழைய கரண்ட் பில் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மீற்றர் என்றால் கவனம்: அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும், இரண்டு குடும்பப் பாவனையும் ஒன்றாகக் கணக்காகும்.

கிணற்றை மாரியில் பார்த்து ஏமாற வேண்டாம். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் நிற்குமா, உவர்க்குமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

மாத வாடகையை வங்கியில் போடுங்கள். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தெரிந்தவர் என்றாலும் சரி.