துக்கத்தைக் கர்த்தரிடம் கொட்டுவது எப்படி: 13-ஆம் சங்கீதத்தை வைத்து ஒரு புலம்பல் ஜெபம்

துக்கவீட்டில் "அழாதீங்க, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்ற ஆறுதல் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆனால் வேதாகமத்தின் ஜெபப்பாடல்களான சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அழத் தெரிந்தவர்களுக்காகவும் கர்த்தர் ஜெபப்புத்தகம் கொடுத்திருக்கிறார்.

ஒரு நோட்டு, பேனா, வேதாகமம், யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் வேண்டும். 13-ஆம் சங்கீதத்தை இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம். மனதுக்குள் வாசித்தால் கண் தானாக ஓடி ஐந்தாம் வசனத்தில் போய் நிற்கும். வலி முதல் இரண்டில் இருக்கிறது.

படி 1: கூப்பிடுங்கள்

"கர்த்தாவே" என்றுதான் சங்கீதம் தொடங்குகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனைப் பற்றித் தங்கள் கூடாரங்களுக்குள் முறுமுறுத்தார்கள். இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீதின் வார்த்தைகளும் கடுமையானவைதான், ஆனால் அவர் அவற்றைத் தேவனிடமே சொல்கிறார். நம் ஒப்பாரி பெரும்பாலும் இறந்தவரை விளித்து அழும். இந்த ஜெபம் கேட்கிறவரை விளிக்கிறது. நீங்கள் எப்போதும் கூப்பிடுகிற பெயரையே முதல் வரியில் எழுதுங்கள்: "அப்பா" அல்லது "ஆண்டவரே".

படி 2: முறையிடுங்கள்

பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. முதல் இரண்டும் தேவனை நோக்கி: மறந்திருப்பீர், மறைப்பீர். மூன்றாவது தன்னைப் பற்றி, நான்காவது சத்துருவைப் பற்றி. நீங்களும் நீர், நான், அவர்கள் என்று மூன்று தலைப்பு போட்டுக்கொள்ளுங்கள். தாயை இழந்த ஒருவர் இப்படி எழுதலாம்:

நீர்: "ஆண்டவரே, அம்மாவுக்காக உபவாசம் இருந்தோம். நீர் கேட்காதவர்போல் இருந்துவிட்டீர்."

நான்: "காலையில் அடுப்படியில் சத்தமே இல்லை. எழுந்திருக்க மனம் வரவில்லை."

அவர்கள்: "உங்கள் ஜெபம் என்ன ஆச்சு என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்."

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "நீர்" பகுதியைத்தான் வெறுமையாக விடுவார்கள். தேவன் கோபப்படுவாரோ என்ற பயம். துன்பத்தில் தேவனிடமே வழக்காடிய யோபுவின் புத்தகத்தின் முடிவைப் பாருங்கள் (42:7): தேவனுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களைத்தான் அவர் கடிந்துகொள்கிறார், யோபு நிதானமாய்ப் பேசினான் என்கிறார்.

இன்னொரு தவறு, "மிகவும் வேதனையாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதுவது. புலம்பல் புத்தகம் எருசலேம் விழுந்தது என்று சொல்லி நிறுத்தவில்லை. தானியம் எங்கே, திராட்சரசம் எங்கே என்று கேட்டபடியே பிள்ளைகள் தாயின் மடியில் உயிர்விடுவதைச் சொல்கிறது (2:12). அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய மொழியின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. எழுத்து தீரும்வரை அழுகை தொடர்கிறது. உங்களுக்கும் வார்த்தை வராவிட்டால் அ முதல் ஔ வரை, எழுத்துக்கு ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். ஏழெட்டு வரிக்குள் உள்ளே அடைத்து வைத்தது வெளியே வந்துவிடும்.

நடுவில் "ஆனாலும் உம்முடைய சித்தம்" என்று எழுதக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

படி 3: கேளுங்கள்

தாவீது பார்க்கச் சொல்கிறார், செவிகொடுக்கச் சொல்கிறார், கண்களைத் தெளிவாக்கச் சொல்கிறார். "நான் மரண நித்திரை அடையாதபடிக்கு" என்று காரணமும் காட்டுகிறார். நீங்களும் இன்றைக்குத் தேவையானதைக் காரணத்தோடு கேளுங்கள்: "நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும், இந்த ராத்திரி தூக்கம் தாரும்." யாராவது அநியாயம் செய்திருந்தால் அந்தக் கோபத்தையும் எழுதுங்கள், 137-ஆம் சங்கீதத்தில் அப்படிப்பட்ட வார்த்தைகள் உண்டு. பழிவாங்குதலை அவர் கையில் கொடுத்துவிடுவதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

படி 4: நம்பிக்கையை ஒரே வரியில்

நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவே சத்துரு போய்விட்டதாகச் சங்கீதம் சொல்லவில்லை. அப்படியிருந்தும் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறார் தாவீது. உங்களால் முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள். முடியாவிட்டால் இட்டுக்கட்ட வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்ற முதல் வசனம் மட்டுமே அதன் வெளிச்சம். தேதி போட்டு நோட்டை மூடுங்கள்.

மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து அதையே மறுபடி ஜெபிக்கலாம். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி 42, 43-ஆம் சங்கீதங்களில் மூன்று முறை வருகிறது.

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் நோட்டோடு நிற்காதீர்கள். அன்றைக்கே நம்பகமான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டிப் படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும், சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும்.